பார்வோ வந்துபோன வீட்டுக்கு அடுத்த நாய் எங்கிருந்து? – ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையில் சிறிய கால்நடைச் சிகிச்சையகம் நடத்தி வருகிறேன். நாயை வாங்கிய பிறகு வருபவர்கள்தான் என்னிடம் அதிகம். வாங்குவதற்கு முன்பே வந்து கேட்பவர்கள் ஆண்டுக்கு நாலைந்து பேர் இருந்தால் பெரிது. முதல் முறை யாரையும் கேட்காமல் ஒரு குட்டியை வாங்கி, குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கு ஒன்பதே நாளில் பறிகொடுத்து, இரண்டாம் முறை ஐந்து மாதம் காத்திருந்து ஒரு நாயைக் கொண்டுவந்த குடும்பம் ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர்கள் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். என் தவறுகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

குடும்பமும் வீடும்

கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். மனைவி பள்ளி ஆசிரியை. மகள் எட்டாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. கணவரின் தாயார் அவர்களோடு இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா; வீட்டுக்கு வருகிற எல்லோருக்குமே அவர் அப்பத்தாதான். வயது 66. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் இருப்பதால் கைத்தடி ஊன்றித்தான் நடப்பார்.

வரிசை வீடு. முன்புறம் இரண்டு வண்டி நிறுத்துகிற அளவுக்குச் சிமெண்ட் தளம், பின்புறம் ஒரு முருங்கை மரமும் கொஞ்சம் மண்தரையும். அதற்கு முன் அந்த வீட்டில் நாய் வளர்த்ததில்லை.

முதல் குட்டி: ஒன்பது நாள்

ஜூன் மாதக் கடைசியில் மகளின் பிறந்தநாளுக்காக ஒரு லாப்ரடார் குட்டியை 12,000 ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். செல்லப்பிராணி விற்பவர் ஒருவரிடம் பேசி முடித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை அட்டைப் பெட்டியில் வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். "45 நாள் குட்டி, ஊசி போட்டாயிற்று" என்று சொல்லப்பட்டது. தாய் நாயை அவர்கள் பார்க்கவில்லை. கேட்டபோது, தாய் வேறு ஊரில் இருப்பதாகப் பதில் வந்தது.

மூன்றாம் நாள் மாலை குட்டி பால் குடிக்க மறுத்தது. நான்காம் நாள் காலை வாந்தியும் இரத்தம் கலந்த பேதியும் தொடங்க, என்னிடம் தூக்கிவந்தார்கள். எடை 1.9 கிலோ. வாயைத் திறந்து பார்த்தேன். முன்பற்கள் முளைத்திருந்தன, கடைவாயில் பற்கள் அப்போதுதான் ஈறைக் கீறிக்கொண்டு வந்துகொண்டிருந்தன. 45 நாள் என்பது உண்மையில்லை, ஐந்து வாரம் இருந்தாலே அதிகம் என்று எனக்குப் பட்டது. தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஊசி மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் சீட்டு ஒட்ட வேண்டிய இடம் காலியாக இருந்தது. தேதி மட்டும் நீல மையில் எழுதியிருந்தது. மருத்துவரின் கையொப்பமும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

மலப் பரிசோதனையில் பார்வோ உறுதியானது. இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. இந்த நோய் தொற்றிய பிறகு வெளியே தெரிவதற்கு மூன்று முதல் ஏழு நாள் வரை ஆகும், சில சமயம் கூடுதலாகவும் ஆகலாம். இந்தக் குட்டிக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. வீட்டிலோ அதற்கு முன் நாய் இருந்ததில்லை. விற்ற இடத்திலேயே தொற்றியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஐந்து நாள் டிரிப் ஏற்றினோம். அந்த நாள்களில் பகல் முழுவதும் குட்டியோடு இருந்தவர் அப்பத்தா. மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, ஆட்டோ பிடித்து, ஒரு கையில் கைத்தடி, மறு கையில் துண்டில் சுற்றிய குட்டியோடு வருவார். வீட்டில் பேதியைத் துடைத்ததும் அவர்தான். குனிந்து துடைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பிறகொரு நாள் மருமகள் கண்ணீரோடு சொன்னார். ஒன்பதாம் நாள் அதிகாலையில் குட்டி இறந்தது. சிகிச்சைக்கு 9,400 ரூபாய் ஆகியிருந்தது.

2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் நான் எடுத்துச் சொன்ன பிறகு கணவர் எழுத்து வடிவில் புகார் கொடுத்தார். விற்றவர் பதிவு செய்யவில்லை என்பது தெரியவந்தது. பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார். அதற்குமேல் அந்தக் குடும்பத்துக்கு அதைத் தொடர மனமில்லை.

"நாளைக்கே இன்னொன்று" என்று கேட்டபோது

குட்டி இறந்த மூன்றாம் நாள் கணவர் தொலைபேசியில் அழைத்தார். மகள் சாப்பிடவில்லை, பள்ளிக்கும் போகவில்லை. வேறொரு இடத்தில் நல்ல குட்டி இருப்பதாக நண்பர் சொல்கிறார், இந்த வாரமே வாங்கிவிடலாமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். துக்கம் ஆறட்டும் என்பதற்காகச் சொன்னதல்ல அது. பார்வோ வைரஸ் இன்னும் அந்த வீட்டிலேயே இருந்தது. சிமெண்ட் தளத்தைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் பெருமளவு அழித்துவிடலாம். அவர்கள் ஊற்றியிருந்ததோ பினாயில். வாசனை போகும், இந்த வைரஸ் போகாது. முருங்கை மரத்தடி மண்ணை எதை ஊற்றியும் சுத்தம் செய்ய முடியாது. நிழலும் ஈரமும் இருந்தால் மண்ணில் அது மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூடத் தங்கும். தடுப்பூசிகள் முடியாத எந்தக் குட்டியை அங்கே விட்டாலும் அதே ஒன்பது நாள் திரும்ப வரக்கூடும்.

இதை நேரில் வரவழைத்துச் சொன்னேன். குட்டியின் துணி, தட்டு, பெட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொன்னேன். நாய் எங்கிருந்து வருவது என்ற கேள்வியில் முதல் வரம்பு அன்றே அமைந்துவிட்டது. ஒன்று, தடுப்பூசிகள் எல்லாம் முடிந்து நான்கு மாதத்தைத் தாண்டிய குட்டி. இல்லையென்றால் வளர்ந்த நாய். கைக்குழந்தை போன்ற குட்டி என்ற ஆசையை விட வேண்டியிருந்தது. மகளுக்கு அது பெரிய ஏமாற்றம். சிகிச்சை அறை வாசலில் நின்று அழுதாள். அவளுக்குப் புரிகிற மாதிரி விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அன்று அதைவிட முக்கியமான வேலை எனக்கு இருந்ததாக நினைக்கவில்லை.

யாரையும் கேட்காத ஒரு கேள்வி

ஆகஸ்ட் மாதம் மீண்டும் வந்தார்கள். கணவரின் கையில் இனங்களின் பட்டியல் இருந்தது: லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராஜபாளையம். ஒவ்வொன்றின் விலையும் எழுதியிருந்தார். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு, காலை 11 மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன்.

"அம்மாதான்" என்றார் கணவர். மதியம் 2 மணிக்கு? அம்மா. மூன்றே முக்காலுக்கு மகன் பள்ளியிலிருந்து வருவான், மனைவி வர நாலரை, மகள் டியூஷன் முடித்து ஆறு, இவர் வர எட்டு. அதாவது, வரப்போகிற நாய் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் அப்பத்தா ஒருவருடன் இருக்கும். முதல் குட்டியை வாங்கும்போது அப்பத்தாவிடம் யாருமே கேட்கவில்லை. பட்டியல் போடும்போதும் கேட்கவில்லை. அன்று அவர் கூட வந்திருக்கவும் இல்லை.

மறுநாள் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பத்தா முதலில், "நாய் வேண்டாம் டாக்டர், இன்னொரு உயிர் என் மடியில் போக வேண்டாம்" என்றார். கொஞ்ச நேரம் பேசிய பிறகு வேறு விஷயங்கள் வந்தன. அவர் பிறந்த ஊரில் தோட்டத்துக் காவலுக்கு நாய் இருந்திருக்கிறது. நாய் என்றால் அவருக்குப் பயமில்லை. மேலே தாவுகிற நாய் என்றால்தான் பயம். விழுந்தால் எழுந்திருக்க முடியாது. ஓடிப் பிடிக்க முடியாது. ஒரு நாளைக்கு நான்கு முறை குனிந்து துடைக்க முடியாது. பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் படுக்க வேண்டும், அப்போது குரைக்கக் கூடாது. "அப்படி ஒன்று இருந்தால் சொல்லுங்கள்" என்றார்.

அவர் சொன்னவற்றை என் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் ஓர் இனத்தின் பெயர்கூட இல்லை. அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு இடத்தையும் அந்தப் பக்கத்தை வைத்தே எடைபோட்டோம்.

பார்த்த இடங்கள்

அலைபேசி விளம்பரங்களை விரைவிலேயே ஒதுக்கிவிட்டோம். வளர்ந்த ஜெர்மன் ஷெப்பர்டை இலவசமாகத் தருவதாக ஒருவர் சொன்னார். வீடு எங்கே என்று கேட்டதும், முதலில் வண்டி வாடகைக்கு 3,000 ரூபாய் அனுப்பச் சொன்னார். நாயிருக்கும் இடத்தைக் காட்ட மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

செப்டம்பரில் ராஜபாளையம் போனோம். மதுரையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர். கணவருக்கு நாட்டு இனம் என்பதில் பெருமிதம் இருந்தது. 2005இல் அஞ்சல் துறை நாய்களுக்காக வெளியிட்ட நான்கு அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. அதை மகளுக்காக எங்கிருந்தோ தேடி வாங்கியும் வைத்திருந்தார். சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய்களுக்கான இனப்பெருக்கப் பிரிவு நடத்திவந்ததைச் சொன்னேன். பக்கத்திலேயே பார்த்துவிடலாம் என்று எனக்கு அறிமுகமான, பதிவு பெற்ற வளர்ப்பாளர் ஒருவரிடம் போனோம்.

அந்த மனிதரைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். நல்ல வளர்ப்பாளர் எப்படி இருப்பார் என்பதை அங்கேதான் அந்தக் குடும்பம் கண்டது. தென்னந்தோப்புக்குள் நாய்களுக்கு ஓட இடம் இருந்தது. தாய் நாயை அவரே அழைத்துவந்தார்; பால் வற்றி, விலா எலும்பு தெரியாமல், ரோமம் மினுக்காக இருந்தது. எத்தனையாவது ஈற்று என்று நான் கேட்பதற்கு முன்பே இரண்டாவது என்றார். தடுப்பூசி அட்டைகளில் குப்பிச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. நான்கரை மாதமான மூன்று குட்டிகள் மீதம் இருந்தன. மூன்றும் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு.

அவரே ஒரு சோதனை செய்து காட்டினார். குட்டிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவற்றின் கண்ணில் படாமல் பின்னால் போய் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். இரண்டு குட்டிகள் விருட்டென்று திரும்பின. மூன்றாவது குட்டி தலையைத் தூக்கவில்லை. மற்ற இரண்டும் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் அதுவும் திரும்பியது. "இதற்குக் காது கேட்காது. இதை நான் விற்பதில்லை, என்னோடு இருக்கும்" என்றார். வெள்ளை நிறத்தோடு பிறக்கும் நாய்களில் உள்காதில் நிறமி இல்லாமல் போவதால் செவிடு வருவதுண்டு. ராஜபாளையம் வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது இது. விற்பவர் தானாக முன்வந்து காட்டி அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

பிறகு அவர் குடும்பத்தைக் கேள்வி கேட்டார். வீடு எத்தனை சதுர அடி? காலையும் மாலையும் யார் கூட்டிக்கொண்டு ஓடுவது? வருவோர் போவோர் அதிகமா? பதில்களைக் கேட்டுவிட்டுக் கணவரிடம், "ஐயா, இது வேட்டைக்கும் காவலுக்கும் ஆகிவந்த நாய். ஓட விடாமல் வைத்திருந்தால் அதற்கும் துன்பம், உங்களுக்கும் துன்பம். அந்த அம்மாவை இது ஒரே இழுப்பில் தள்ளிவிடும். நான் தர மாட்டேன்" என்றார். காரில் திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும் வரை யாரும் பேசவில்லை. கணவருக்கு வருத்தம்தான். ஆனால் கையில் வந்த பணத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவரை அன்று பார்த்ததால், ஜூன் மாதம் தாம் எங்கே ஏமாந்தோம் என்பது தமக்கு விளங்கியதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

மூன்றாவதாக வந்தது தெருவிலேயே இருந்தது. அக்டோபரில் அவர்கள் தெருமுனை அரிசிக்கடையின் பின்புறம் ஒரு நாட்டு நாய் நான்கு குட்டிகள் போட்டது. மகனும் மகளும் தினமும் பால் கொண்டுபோனார்கள். ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்று மனைவியும் கேட்டார். காசு இல்லை, ஒரு உயிருக்கு வாழ்வு, தாயும் கண்முன்னே இருக்கிறது. பொதுவாக நானே பரிந்துரைக்கும் வழி இது. ஆனால் குட்டிகளுக்கு நான்கு வாரம்தான் ஆகியிருந்தது, முருங்கை மரத்தடி மண்ணோ அப்படியே இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்குப் பதிலாக, குட்டிகள் இருந்த இடத்திலேயே ஆறாவது வாரம் முதல் தடுப்பூசி போட்டேன். குடும்பம் செலவை ஏற்றுக்கொண்டது. இரண்டு குட்டிகளுக்கு வீடு கிடைத்தது. ஒன்று லாரியில் அடிபட்டு இறந்தது. ஒன்று தாயோடு தெருவில் இருக்கிறது. என் முடிவு மருத்துவப்படி சரிதான். ஆனாலும் அந்த லாரியில் அடிபட்ட குட்டியைத் தற்காலிகமாக வேறொரு வீட்டில் வைத்திருக்க முயன்றிருக்கலாம் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

காப்பகத்தில் மூன்று சந்திப்புகள்

தீபாவளிக்கு முன் எந்த நாயையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று முடிவெடுத்திருந்தோம். புது இடத்துக்கு வந்த நாய் வெடிச் சத்தத்தில் சுவரேறிக் குதித்துத் தொலைந்துபோவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதற்குள் காப்பகம் ஒன்றில் நாய்களைப் பார்க்கத் தொடங்கினோம்.

முதல் முறை பிள்ளைகளும் பெற்றோரும் போனார்கள். பிள்ளைகள் ஒரு வயதுள்ள ஆண் நாயை உடனே பிடித்துக்கொண்டார்கள். துறுதுறுவென்று இருந்தது, கம்பி வலையில் முன்கால்களை வைத்து எம்பி எம்பிக் குதித்தது. நல்ல நாய்தான். என் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். மகளே, "அப்பத்தா விழுந்துவிடுவார்" என்றாள்.

காப்பகப் பொறுப்பாளர் அப்போது காட்டியதுதான் செந்நிறப் பெண் நாய். ஏறத்தாழ இரண்டு வயது, 16 கிலோ. கழுத்துப் பட்டையோடு ஒரு பஸ் நிறுத்தத்தில் கிடைத்தது. யாரோ வீட்டில் வளர்த்துவிட்டு விட்டுப்போன நாய். கருத்தடை ஆகியிருந்தது. ரேபிஸ் தடுப்பூசியும், பார்வோ உள்ளிட்ட பல நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் முடிந்திருந்தன. உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தம் பார்த்தேன், இல்லை. நாங்கள் நின்றிருந்த அரை மணி நேரமும் சுவரோரம் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு முறைகூடக் குரைக்கவில்லை.

இரண்டாம் முறை பிள்ளைகள் அதோடு ஒரு மணி நேரம் இருந்தார்கள். மகன் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவன் தொடையில் தாடையை வைத்துப் படுத்தது.

மூன்றாம் முறை அப்பத்தாவை அழைத்துப் போனோம். அவர் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து கைத்தடியைத் தரையில் ஊன்றினார். சத்தம் கேட்ட நொடியில் நாயின் காதுகள் பின்னால் படிந்தன, வால் வயிற்றுக்கு அடியில் போனது, இருந்த இடத்திலேயே சிறுநீர் விட்டது. தடியால் அடி வாங்கிய நாய் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அப்பத்தா தடியை மருமகளிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நாயைக் கூப்பிடவும் இல்லை, கை நீட்டவும் இல்லை. பேரப்பிள்ளைகளிடம் எதையோ பேசிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்து அது வந்து அவர் சேலை நுனியை முகர்ந்தது.

தடிக்குப் பயந்த நாயை, தடியில்லாமல் நடக்க முடியாதவரோடு பகல் முழுவதும் விடலாமா? நான் தயங்கினேன். பயந்த நாய் ஓடும், அல்லது கடிக்கும். வேறு நாய் பார்க்கலாம் என்றுதான் முதலில் சொன்னேன். அப்பத்தா ஒப்பவில்லை. "என்னைப் பார்த்துப் பயப்படவில்லை, தடியைப் பார்த்துத்தான் பயப்படுகிறது. தடியைப் பழக்கிவிடலாம்" என்றார். காப்பகத்தின் ஒப்பந்தத்தில் இரண்டு வாரச் சோதனைக் காலம் இருந்தது. அதற்குப் பிறகும் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொண்டுவந்து விடலாம், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. திரும்பும் வழி திறந்திருந்ததால் நானும் ஒப்புக்கொண்டேன். வரும் வழியிலேயே அப்பத்தா அதற்குச் செவலை என்று பெயர் வைத்துவிட்டார்.

கைத்தடி

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்துச் செவலை வீட்டுக்கு வந்தது. முதல் நான்கு நாள் கைத்தடியைக் கூடத்தில் தரையில் கிடத்தி வைத்தோம். பக்கத்தில் வேகவைத்த கோழித் துண்டுகள். அந்த நாள்களில் வீட்டுக்குள் நடக்க அப்பத்தாவுக்கு வாடகைக்கு எடுத்த நான்குகால் நடைச்சட்டம். முதல் நாள் செவலை தடியிலிருந்து ஆறடி தள்ளியே நின்றது. இரண்டாம் நாள் கழுத்தை நீட்டி, பின்கால்கள் பின்னோக்கியே நிற்க, ஓரத்துத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியது. நான்காம் நாள் தடியைத் தாண்டி மறுபக்கத் துண்டை எடுத்தது.

ஐந்தாம் நாள் முதல் அப்பத்தா உட்கார்ந்தபடியே தடியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தரையோடு தரையாக மெல்ல நகர்த்தினார். தடியின் அடியில் தேய்ந்துபோன ரப்பர் மூடியை மாற்றியதும் ஊன்றும் சத்தம் பாதியாகக் குறைந்தது. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றியது மகளுக்கு. பன்னிரண்டாம் நாள் அப்பத்தா தடி ஊன்றிச் சமையலறைக்குப் போனபோது, செவலை நாலடி இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனதாக மருமகள் செய்தி அனுப்பினார்.

பதினேழாம் நாள்

சோதனைக் காலம் முடிந்து, எல்லோரும் நிம்மதியாக இருந்த நேரம். மாலையில் செவலை குப்பைக்கூடையிலிருந்து ஒரு கோழி எலும்பை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எலும்பு தொண்டையில் சிக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்த மகன், நல்ல எண்ணத்தோடுதான், கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய் எலும்பைப் பிடித்து இழுத்தான். செவலை உறுமியது, அவன் விடவில்லை. அவன் கைமேல் பல் பட்டது. தோலில் கீறல்; இரத்தம் வரவில்லை.

அடுத்து அவர்கள் செய்தது சரியான வரிசையில் நடந்தது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினார்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கவில்லை. அரை மணி நேரத்தில் அரசு மருத்துவமனைக்குப் போய் அன்றே முதல் ஊசி. பிறகு 3, 7, 28ஆம் நாள்களில் மற்றவை. செவலைக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் கீறல் பட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். நாயைப் பத்து நாள் கண்காணித்தோம், நலமாகவே இருந்தது.

அன்று இரவு கணவர் நாயைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். பிள்ளையின் கையைப் பார்த்த தகப்பன் அப்படித்தான் சொல்வார். அதில் குறை காண மாட்டேன். மறுநாள் போய் எல்லோரோடும் உட்கார்ந்து பேசினேன். செவலை எச்சரித்த பிறகே கடித்தது, கடித்ததும் விட்டுவிட்டது, காரணம் தெளிவாக இருந்தது, தவிர்க்கவும் முடியும். பசியோடு தெருவில் இருந்த நாய் வாயில் இருப்பதைக் காக்கும். அதே சமயம் ஏழு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் இதை அசட்டையாக விட முடியாது. ஒரு மாதம் பார்ப்போம், இன்னொரு முறை பல் பட்டால் தயங்காமல் காப்பகத்துக்கு அனுப்புவோம் என்று முடிவாயிற்று.

குப்பைக்கூடைக்கு மூடி வந்தது. சாப்பாடு பின்வாசல் திண்ணையில் மட்டும், அப்பத்தா கையால் மட்டும். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குப் பின்வாசல் பக்கம் வேலையில்லை. வாயில் எதையாவது வைத்திருந்தால் பிடுங்காமல், அதைவிட ருசியான ஒன்றைக் காட்டி விடவைக்கப் பெரியவர்கள் மட்டும் பழக்கினார்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் நாயைத் தொடுவதில்லை என்பதை மகன் ஒரு தாளில் எழுதி, கட்டில் காலில் தானே ஒட்டினான்.

ஓராண்டுக்குப் பின்

கடந்த மாதம் ஆண்டுத் தடுப்பூசிக்கு வந்தார்கள். செவலையின் எடை 18.2 கிலோ, இனி ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு யார்மேலும் பல் படவில்லை. கைத்தடியைப் பற்றி இப்போது அதற்குக் கவலையில்லை. ஆனால் புதிதாக வரும் ஆண்கள் கையில் குடையோ கம்போ வைத்திருந்தால் இன்றும் சமையலறைக்குள் போய்விடும். அது முழுவதும் மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, குடும்பத்துக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது தீபாவளிக்கு, ஜன்னல்களை மூடிய உள்ளறையில் அப்பத்தாவும் செவலையும் இரண்டு இரவுகளைக் கழித்தார்கள்.

முதல் குட்டியின் அட்டையில் உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் கணவரின் பெயர் இருந்தது. செவலையின் அட்டையில் அப்பத்தாவின் பெயர் இருக்கிறது.

மீண்டும் இப்படி ஒரு குடும்பம் வந்தால்

காப்பகத்தில் மூன்று முறை பார்த்தும், அந்த நாய் சாப்பிடுவதை நான் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், பக்கத்துக் கூண்டு நாய் வரும்போது அது தட்டின்மேல் கவிழ்ந்து நிற்பது தெரிந்திருக்கும். பதினேழாம் நாள் நடந்திருக்காது. அதன் பிறகு என் மூலம் காப்பகத்துக்குப் போகும் ஒவ்வொருவரையும் நாய்களுக்குச் சாப்பாடு வைக்கும் நேரத்தில்தான் அனுப்புகிறேன். பிள்ளைகளுக்கான விதிகளையும் நாய் வருவதற்கு முந்தைய நாளே வீட்டில் சொல்லிவிடுகிறேன்.

சிகிச்சையகத்துக்கு நாய் பற்றிக் கேட்க வருபவர்களிடம் எந்த இனம் என்ற பேச்சை நான் தொடங்குவதில்லை. காலை 11 மணிக்கு வீட்டில் இருப்பவரை அழைத்துவரச் சொல்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. வேறிடம் போய் வாங்கிவிடுகிறார்கள். அப்படிப் போனவர்களில் இருவர் பிறகு பார்வோ குட்டியோடு வந்தார்கள். அவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் டிரிப் ஏற்றினேன். ஒரு குட்டி பிழைத்தது.

ராஜபாளையம் பயணத்தை மட்டும் திரும்பவும் அப்படியே செய்வேன். வாங்காமல் திரும்பினாலும் நல்ல வளர்ப்பாளர் ஒருவரையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. தாயைக் காட்டுவதும், குறையைத் தானே சொல்வதும், வாங்க வந்தவரைக் கேள்வி கேட்பதும் எப்படி இருக்கும் என்பதை நான் வாயால் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை.

அரிசிக்கடையின் பின்புறத்துத் தாய் நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது. அதுவும் அதன் ஒரு குட்டியும் கடை வாசலில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு ரேபிஸ் ஊசி மார்கழியில் போட வேண்டும். மகள் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள்.